பந்தலும் பட்டியலும்: தமிழ் மாநாட்டுப் பேராளர் தகவலும் அனுசரணையாளர் கோரிக்கையும் – ரொறன்ரோ டோர்செட் பார்க்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழாராய்ச்சி மாநாடுகளின் வரலாறு பெரும்பாலும் அங்குப் படிக்கப்பெற்ற கட்டுரைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாநாட்டுச் செலவை யார் ஏற்றார், ஏற்றவர் கைம்மாறாக எதைப் பெற்றார் என்னும் வினாக்கள் மலர்களின் நன்றியுரைப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பணம் தருபவர் அரசாக இருந்த காலத்தில் அக்கைம்மாறு அரசியல் சார்ந்ததாக இருந்தது. பணம் தருபவர் வணிக நிறுவனமாக மாறியபின் அது வேறொரு வடிவம் கொள்ளத் தொடங்கியது. அவ்வடிவம் பேராளர் பட்டியல். பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், தொழில், சில வேளைகளில் வயதும் சொந்த ஊரும் அடங்கிய பதிவுத் தகவலை அனுசரணையாளர் கேட்பதும், ஏற்பாட்டாளர் மறுக்கவும் மாட்டாமல் கொடுக்கவும் மாட்டாமல் தடுமாறுவதும் இன்று எந்நாட்டு மாநாட்டிலும் நிகழக்கூடியவை.

பட்டியலைக் கொடுப்பது நன்றிக்கடன் போலத் தோன்றினும் உண்மையில் அது ஒரு விற்பனை. விற்கப்படும் பொருளோ விற்பவருக்கு உரியதன்று. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. தனியுரிமை என்பது மேலைச் சட்டம் தமிழர்க்குப் புதிதாகக் கற்பித்த ஒன்று என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால், பெயர்ப்பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நேரும் என்பதைக் கடந்த அரை நூற்றாண்டுத் தமிழ் வரலாறு எந்தச் சட்டநூலையும்விடத் தெளிவாகக் காட்டியுள்ளது. அவ்வரலாற்றைச் சுமந்து வந்த மக்கள் குடியேறிய புறநகர்ப் பகுதிகளுள் ஒன்றான டோர்செட் பார்க்கை முன்வைத்து இப்பொருள் இங்கு ஆராயப்படுகிறது.

1. புரவலர் பெயரும் விருந்தினர் பெயரும்

கொடுப்பவர் பெயரைப் பரப்புவது தமிழ் மரபில் தொன்மையானது. புலவர் பரிசில் பெற்றார். புரவலன் பெயர் பாட்டில் நின்றது. கோயிலுக்கு நிலமோ ஆடோ பொன்னோ அளித்தவர் பெயர் கல்லில் வெட்டப்பட்டது. அச்சு நூல் வந்தபின் இம்மரபு கையொப்பம் என்னும் முறையாக வளர்ந்தது. நூல் வெளிவருமுன்னரே வாங்குவதாக ஒப்புக்கொண்டு பெயர் தருவோரிடம் கையொப்பம் திரட்டி, அதன் துணையால் அச்சுச் செலவை ஈடுசெய்வது 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் இம்முறையை நாடியவரே.

இவை அனைத்திலும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. வெளியிடப்படுவது கொடுத்தவரின் பெயர். அதை வெளியிடுவது அவர் விருப்பத்தோடு, அவர் அறிந்த நோக்கத்துக்காக, அவருக்குப் பெருமை சேர்க்கும் வகையில் நிகழ்கிறது. விருந்துக்கு வந்தவர் யார், எத்தனை பேரோடு வந்தார், எங்கே குடியிருக்கிறார் என்னும் செய்தி கொடையாளிக்குக் கைம்மாறாகத் தரப்பட்டதாக நாம் காண்பதில்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வழங்கும் மொய் நோட்டும் இங்கு நினைக்கத்தக்கது. அதில் பெயர், ஊர், தொகை அனைத்தும் எழுதப்படுகின்றன. ஆயினும் அது விருந்தளித்த வீட்டாரின் பெட்டியில் இருப்பது. திருப்பிச் செய்ய வேண்டிய முறையை நினைவூட்டுவது அதன் ஒரே பயன். பந்தல் போட்டவரோ பாத்திரம் வாடகைக்குத் தந்தவரோ அந்த நோட்டைக் கேட்டால், கேட்டவரின் மரியாதையே குறையும்.

இன்றைய அனுசரணை முறை இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகிறது. புரவலர் தம் பெயரைப் பந்தலில் எழுதுவதோடு நிறைவடையாமல், பந்தலுக்குள் இருந்தவர் பெயரையும் கேட்கிறார். எனவே பட்டியல் தர மறுப்பதை மரபை மீறும் நன்றியின்மை எனக் கொள்ள இடமில்லை. கேட்பதுதான் மரபுக்குப் புதிது.

2. அரசு ஆதரவிலிருந்து வணிக அனுசரணைக்கு

1964இல் புது தில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், தனிநாயக அடிகளாரின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தியது. 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம், 1981இல் மதுரை, 1987இல் மீண்டும் கோலாலம்பூர், 1989இல் மொரீசியஸ், 1995இல் தஞ்சாவூர் என அது தொடர்ந்தது. சென்னை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய மாநாடுகளில் தமிழ்நாட்டு அரசின் பங்கு முதன்மையானது. அரசு செலவு செய்தது. சிலைகளும் ஊர்வலங்களும் அரசின் பெருமையைப் பறைசாற்றின.

அரசு ஆதரவுக்கும் ஒரு விலை இருந்தது. யாழ்ப்பாண மாநாட்டின்போது வெளிநாட்டுப் பேராளர் சிலருக்கு நுழைவு அனுமதி மறுக்கப்பட்டது. 1974 ஜனவரி 10ஆம் நாள் நிறைவுக் கூட்டத்தில் பொலிசார் புகுந்ததைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. 1995இல் தஞ்சை மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கை அறிஞர்கள் பங்கேற்க விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். இவ்விரு நிகழ்வுகளின் காரணங்கள் வேறு. ஆயினும் இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்று. மாநாட்டுக்கு வருவோர் யார் என்பது ஆய்வுலகத்துக்கு மட்டும் உரிய செய்தியாக ஒருபோதும் இருந்ததில்லை. அதை அறிய விரும்பியோர் எப்போதும் இருந்தனர்.

புலம்பெயர் நாடுகளில் நிலைமை மாறியது. 2019இல் சிகாகோவில் நடந்த பத்தாம் மாநாட்டை அங்குள்ள தமிழ்ச் சங்கமும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையும் தாங்கி நடத்தின. ரொறன்ரோவில் 2006 மே மாதம் தொடங்கிய தமிழியல் மாநாடு, ரொறன்ரோ, வின்சர் பல்கலைக்கழக அறிஞர்களின் முயற்சியால் உருவாயிற்று. பேராசிரியர் செல்வா கனகநாயகம், கவிஞரும் சமூகவியலாளருமான சேரன் ஆகியோர் அதன் முன்னோடிகள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் ரொறன்ரோ பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகத்திலும் தமிழ் இருக்கைகள் அமைக்கத் திரட்டப்பட்ட நிதியில், அரசின் பங்கோடு பொதுமக்களின் சிறுசிறு நன்கொடைகளும் சேர்ந்தன.

அரசு மட்டும் தாங்கிய சுமையை இவ்வாறு சமூகம் தாங்க வேண்டியதாயிற்று. சமூகத்துள் பணம் தர இயன்றவர் வீடு விற்பனை முகவர், அடமானக் கடன் தரகர், காப்புறுதி முகவர், சட்டத்தரணி, நகைக்கடை உரிமையாளர், உணவகத்தார் போன்றோர். இவர்கள் தரும் ஆதரவு இல்லாமல் புலம்பெயர் தமிழ் நிகழ்வுகள் பல நடந்திரா. அவர்களின் கேள்வியிலும் நியாயம் உண்டு: தந்த பணத்துக்கு என்ன பயன்? எத்தனை பேர் நம் பெயரைக் கண்டனர்? இந்நியாயமான கேள்வி, அவர்கள் யார் யார் என்னும் அடுத்த கேள்வியாக மாறும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

3. பட்டியல் விட்டுச்சென்ற வடுக்கள்

பெயர்ப்பட்டியல் தன் நோக்கத்தைத் தாண்டி வாழும் தன்மையுடையது. இரண்டாம் உலகப் போர்க்கால நெதர்லாந்து இதற்கு உலகறிந்த சான்று. நிர்வாக வசதிக்காகச் செம்மையாகப் பேணப்பட்ட மக்கள் பதிவேடு, படையெடுத்து வந்த நாசிகளுக்கு யூதரை இனங்காணும் கருவியாயிற்று. 1943 மார்ச் 27ஆம் நாள் எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்டர்டாம் பதிவகத்தைத் தீயிட்டு அழிக்க முயன்றது இதனாலேயே. ஏட்டை உருவாக்கிய அலுவலரிடம் தீய நோக்கம் இருந்ததில்லை. ஏடு கைமாறியதே கேடாயிற்று.

ஈழத்தமிழர் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு 1983 ஜூலையில் நேர்ந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்ற கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்திருந்தன என்பதை மானிடவியலாளர் ஸ்ரான்லி தம்பையா முதலானோர் பதிவு செய்துள்ளனர். வாக்களிக்கும் உரிமைக்காகத் தரப்பட்ட முகவரி, வீட்டை எரிப்பதற்கான வழிகாட்டியாயிற்று. அதே ஜூலை மாதத்தின் முதல் நாளில்தான் கனடாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தற்செயலான இவ்வொருமைக்குக் காரண காரியத் தொடர்பு இல்லை. எனினும், அரசிடம் உள்ள தன்னைப் பற்றிய தகவலின்மீது குடிமகனுக்கு உரிமை உண்டென்று ஒரு நாடு ஏற்ற மாதத்திலேயே, அவ்வுரிமை இல்லாத நாட்டிலிருந்து மக்கள் அந்நாட்டை நோக்கிப் புறப்படும் நிலை தோன்றியது.

பட்டியலின் வேறு வடிவங்களும் பின்னர் வந்தன. 2007 ஜூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. 2014 மார்ச்சில் இலங்கை அரசு வர்த்தமானி மூலம் 16 அமைப்புகளையும் 424 தனியாட்களையும் பட்டியலிட்டது. புலம்பெயர் நாடுகளில் இயங்கிய அமைப்புகளும் அவற்றுள் அடங்கின. 2015இல் பல பெயர்கள் நீக்கப்பட்டன. 2021இல் மீண்டும் பல சேர்க்கப்பட்டன. பட்டியலில் ஏறுவதும் இறங்குவதும் ஆட்சி மாற்றத்தைப் பொறுத்தவை என்பதை இவ்வேற்ற இறக்கம் காட்டுகிறது. இன்று தீங்கற்றதாகத் தோன்றும் ஒரு வருகைப் பதிவு ஏழாண்டு கழித்து எவ்வாறு வாசிக்கப்படும் என்பதை ஏற்பாட்டாளர் எவரும் உறுதிகூற முடியாது.

இவ்வச்சம் அரசுகளை மட்டும் பற்றியதன்று. 2006 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்க் குடும்பங்களிடம் விடுதலைப் புலிகளுக்காக வீடுவீடாகச் சென்று பெருந்தொகை கோரப்பட்டதை விவரித்தது. கனடாவில் குடும்பமொன்றிடம் 2,500 முதல் 5,000 டொலர் வரை கேட்கப்பட்டதாகவும், பணம் தந்தவர் யார், தராதவர் யார் என்னும் கணக்கு ஊருக்குச் செல்லும்போது குறுக்கே வந்ததாகவும் அது கூறியது. அவ்வறிக்கைக்குச் சமூகத்துள் எதிர்ப்பும் எழுந்தது. அடுத்த மாதமே கனடா அவ்வியக்கத்தைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அதற்கடுத்த மாதம், அதே நகரில் முதலாவது தமிழியல் மாநாடு கூடியது. அதற்கடுத்த ஜூன் 10ஆம் நாள் ஒன்ராறியோவின் தகவல் சுதந்திர, தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

நான்கு மாதங்களுள் நிகழ்ந்த இந்நான்கையும் ஒருசேர நோக்கினால், அக்காலத்தில் ஒரு தமிழ் நிகழ்வின் வருகைப் பட்டியல் என்ன பொருள் கொள்ளக்கூடும் என்பது விளங்கும். வந்தவர் ஆய்வு கேட்க வந்தார். பட்டியலைப் பார்ப்பவரோ அவர் யார் பக்கம் என்று கேட்கலாம். ஒரே பெயரை நிதி திரட்டுவோர் ஒருவிதமாகவும், காவல்துறை வேறுவிதமாகவும், கொழும்பு மற்றொரு விதமாகவும் வாசிக்க இயலும்.

4. டோர்செட் பார்க்: எண்ணிக்கையும் பெயரும்

ஸ்காபரோவில், நெடுஞ்சாலை 401க்குத் தெற்கே, கென்னடி சாலையும் எல்ஸ்மியர் சாலையும் சந்திக்கும் இடத்தைச் சூழ்ந்துள்ள பகுதி டோர்செட் பார்க். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த இப்புறநகரில் சிறு வீடுகளும், உயர்ந்த அடுக்குமாடிகளும், தொழிற்கூடங்களும், சாலையோரக் கடைத்தொகுதிகளும் அருகருகே உள்ளன. 1980களிலிருந்து உலகின் பல பகுதியினரும் குடியேறிய ஸ்காபரோவில், தமிழும் வீட்டு மொழிகளுள் ஒன்றாக ஒலிக்கும் பகுதிகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

தகவல் இப்பகுதிக்கு நன்மை செய்ததற்கும் சான்று உண்டு. 2005இல் ரொறன்ரோ மாநகரம் சமூக சேவைகள் போதாத 13 முன்னுரிமைப் பகுதிகளை இனங்கண்டபோது டோர்செட் பார்க்கும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. வருமானம், மொழி, குடிவரவு, சேவை நிலையங்களின் தொலைவு முதலிய புள்ளிவிவரங்கள் இத்தகைய தெரிவுக்கு உதவுகின்றன. அவற்றில் எவர் பெயரும் இல்லை. கனடாப் புள்ளிவிவரத் திணைக்களம் குடிசனக் கணக்கெடுப்பின் எண்களை 5இன் மடங்குகளாக முழுமையாக்கியே வெளியிடுகிறது. சிறு எண்ணிக்கையிலிருந்து தனியாளை ஊகித்துவிடலாகாது என்பதே காரணம். பெயரற்ற எண்ணிக்கை ஒரு பகுதிக்குச் சேவையைக் கொண்டு வந்தது. பெயருள்ள ஏடு வேறொரு நகரில் தீயைக் கொண்டு வந்தது. அனுசரணையாளர் கோரிக்கைக்கு விடை தேடும் ஏற்பாட்டாளர் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

தமிழ்ச் சமூகத்தில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நிறைந்த சமூகம் இது. பெயரை நீக்கிவிட்டு, “பெண், நாற்பது வயதளவு, இன்ன ஊர், இன்ன பாடசாலை, கணக்காளர்” என்று மட்டும் குறித்தாலும், கென்னடி சாலைக் கடையொன்றில் நிற்பவர் அவர் இன்னாருடைய மகள் என்று சொல்லிவிடக்கூடும். பெருஞ்சமூகத்தில் அடையாளத்தை மறைக்கும் விவரங்கள் சிறு சமூகத்தில் அடையாளத்தையே தருகின்றன. மேலும், இங்கு அனுசரணையாளர் தொலைவிலுள்ள பெருநிறுவனம் அல்லர். அவர் அண்டை வீட்டார், உறவினர், ஒரே கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ செல்பவர். அவரிடமிருந்து வரும் விற்பனை அழைப்பை மறுப்பது முகம் முறிவதாகும். அந்நெருக்கமே பட்டியலின் வணிக மதிப்பை உயர்த்துகிறது; பேராளர் மறுக்கும் சுதந்திரத்தையும் குறைக்கிறது.

தாமே முன்வந்து பெயர் தரும் ஏடுகளும் இச்சமூகத்தில் உண்டு. ரொறன்ரோவில் வெளிவரும் ‘தமிழர் மத்தியில்’ போன்ற வணிகக் கையேடுகளில் தம் பெயரும் எண்ணும் இடம்பெற வணிகர் பணம் செலுத்துகின்றனர். தெரிந்தே தரும் பெயருக்கும் தெரியாமல் எடுக்கப்படும் பெயருக்கும் உள்ள தொலைவை இக்கையேடுகளே விளக்கப் போதும்.

5. சட்டம் கூறுவது

கனடாவில் தனியார் துறைக்குரிய தனியாள் தகவல் பாதுகாப்பு, மின்னணு ஆவணங்கள் சட்டம் 2000இல் நிறைவேறி, 2004 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவின் வணிக நடவடிக்கைகளையும் தழுவியது. இலாப நோக்கற்ற சங்கங்கள் தம் வழக்கமான பணியில் இச்சட்டத்துக்குப் பெரும்பாலும் உட்படுவதில்லை. சங்கம்தானே, சட்டம் நம்மைத் தொடாது என்னும் எண்ணம் இதனால் தோன்றுகிறது. ஆனால் வணிக நடவடிக்கை என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை கவனிக்கத்தக்கது. நன்கொடையாளர், உறுப்பினர் அல்லது நிதி திரட்டலுக்கான பிற பட்டியல்களை விற்பதும், பண்டமாற்றாகத் தருவதும், வாடகைக்கு விடுவதும் வணிக நடவடிக்கையே என்று அது வெளிப்படையாகக் கூறுகிறது. மாநாட்டுப் பதிவுப் பட்டியல் அச்சொற்களுள் நேரடியாகக் குறிக்கப்படவில்லை. ஆயினும் வரையறையின் நோக்கம் தெளிவானது. அனுசரணைத் தொகைக்கு ஈடாகப் பட்டியல் கைமாறும் கணத்தில் சங்கம் சங்கமாக நின்று செயல்படவில்லை, வணிகனாக மாறிவிடுகிறது. ‘பண்டமாற்று’ என்னும் சொல்லை வரையறையில் சேர்த்தவர்கள், பணம் என்று பெயரிடாமல் நடக்கும் விற்பனையும் விற்பனையே என்று கண்டவர்கள்.

இச்சட்டத்தின் இணைப்பாக அமைந்த பத்து நெறிகள் 1996இல் கனடாத் தர நிர்ணய நிறுவனம் வகுத்தவை. அவற்றுள் இரண்டு இங்கு முதன்மையானவை. தகவல் எந்நோக்கத்துக்காகப் பெறப்பட்டதோ அந்நோக்கத்துக்கே பயன்பட வேண்டும் என்பது ஒன்று. ஒரு சேவையைப் பெறுவதற்குத் தேவையற்ற தகவலைத் தர இசைய வேண்டும் என்று அச்சேவைக்கே நிபந்தனை விதிக்கலாகாது என்பது மற்றொன்று. பதிவுப் படிவத்தில் ‘அனுசரணையாளருடன் பகிர இசைகிறேன்’ என்னும் வரியைக் கட்டாயமாக்கி, இசையாதவருக்கு வாயிலை அடைப்பது இவ்விரண்டாம் நெறிக்கு முரண்.

2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, வேண்டாத வணிக மின்மடல்களைத் தடுக்கும் சட்டம் மூன்றாவது தடையை இடுகிறது. வணிகச் செய்தி அனுப்புபவர் பெறுபவரின் இசைவைக் கொண்டிருத்தல் வேண்டும். தம்மை அடையாளம் காட்டல் வேண்டும். விலகும் வழியையும் தரல் வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி டொலர் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. எனவே பட்டியலைப் பெறும் சிறு வணிகருக்கும் அது பரிசாக அமைவதில்லை; பொறுப்பும் சேர்ந்தே அவர் தலையில் ஏறுகிறது.

பேராளர் பல நாட்டினர் என்பதால் பிற சட்டங்களும் உடன் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஏற்றது. 2023இல் அந்நாட்டில் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கை 2022இல் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழர் வாழும் பெரும் நிலப்பரப்புகளில் இன்று இக்கோட்பாடு ஏதோ ஒரு வடிவில் சட்டமாகிவிட்டது.

6. ஏற்பாட்டாளர் செய்யத்தக்கவை

மேற்கண்ட வரலாறும் சட்டமும் கூடிச் சில நடைமுறைகளைச் சுட்டுகின்றன.

முதலாவது, உடன்பாடு எழுதும் காலம். அனுசரணைத் தொகை வங்கிக்கு வந்தபின் பட்டியலை மறுப்பது கடினம். வருமுன் மறுப்பது எளிது. அனுசரணையாளருக்குத் தரப்படும் பயன்கள் எவை, தனியாள் தகவல் அவற்றுள் அடங்காது என்னும் வாசகம் முதல் கடிதத்திலேயே இடம்பெறல் வேண்டும்.

இரண்டாவது, கேட்பதைக் குறைத்தல். இல்லாத தகவலை எவரும் கேட்டுப் பெற முடியாது. பிறந்த நாளும் சொந்த ஊரும் மாநாட்டுக்குத் தேவையில்லையெனில் படிவத்தில் அவற்றுக்கு இடமும் வேண்டா. உணவு விருப்பம் சமயத்தைக் காட்டக்கூடும். நுழைவு அனுமதிக்கான அழைப்புக் கடிதத்துக்குப் பெறப்படும் கடவுச்சீட்டு எண் குடியுரிமை நிலையைக் காட்டும். இவற்றைத் தனியே வைத்து, பணி முடிந்ததும் அழித்தல் நன்று.

மூன்றாவது, பெயருக்கு மாற்றாக எண்ணிக்கை தருதல். வந்தோர் தொகை, நாடுவாரியான பெரும் பிரிவுகள், அமர்வுகளின் வருகை ஆகியவை அனுசரணையாளரின் நியாயமான கேள்விக்கு விடையாகும். ஒரு பிரிவில் ஓரிருவரே இருப்பின் அதை மற்றொன்றோடு சேர்த்துக் காட்டல் வேண்டும்.

நான்காவது, தூதாக நிற்றல். அனுசரணையாளரின் செய்தியைப் பெற விரும்புவோருக்கு, அவர்தம் தனி இசைவோடு, ஏற்பாட்டாளரே அனுப்பலாம். முகவரி கைமாற வேண்டியதில்லை. அனுசரணையாளர் மேசைக்குத் தாமே சென்று அட்டை தரும் பேராளரைத் தடுப்பார் எவருமிலர். ஆனால் கழுத்தட்டையிலுள்ள குறியீட்டை வருடினால் எந்தத் தகவல் யாருக்குச் செல்லும் என்பது அவ்வட்டையிலேயே தமிழில் எழுதப்பட்டிருத்தல் முறை.

ஐந்தாவது, பேசுவோரையும் கேட்போரையும் வேறுபடுத்தல். கட்டுரை படிப்பவர் தம் பெயரையும் நிறுவனத்தையும் தாமே பொதுவெளியில் வைக்கிறார். ஆய்வுக்குப் பொறுப்பேற்பது அதன் இயல்பு. பின்வரிசையில் அமர்ந்து கேட்டுச் செல்பவர் அத்தகைய பொறுப்பெதையும் ஏற்கவில்லை. நிகழ்ச்சி நிரல் முன்னவர்க்கு உரியது. பின்னவரின் பெயரை வெளியிடும் உரிமையை நிகழ்ச்சி நிரல் எவருக்கும் தருவதில்லை.

7. வரலாற்றாளரின் எதிர்வாதம்

இங்கு வரலாற்றாளர் ஒரு மறுப்பை எழுப்பலாம். பேராளர் பட்டியல்கள் இல்லையேல் தமிழியலின் சமூக வரலாற்றை எழுதுவது எவ்வாறு? பெண்கள் எப்போது பெருந்தொகையில் வரத் தொடங்கினர், பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்த ஆர்வலர் எத்தனை பேர், மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை அப்பட்டியல்களில் அன்றோ உள்ளது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் தீயில் இழந்த சமூகம், தன் கையால் தன் ஆவணத்தை அழிக்கலாமா?

இம்மறுப்பு வலிமையானது. 1981 நம்மைப் பேணி வைக்கச் சொல்கிறது. 1983 மறைத்து வைக்கச் சொல்கிறது. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே மக்கள் பெற்ற இவ்விரு படிப்பினைகளுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ள இயலாது.

காலம் என்னும் பூட்டு இதற்கு ஒரு தீர்வு. கனடாவில் குடிசனக் கணக்கெடுப்பின் தனியாள் பதிவுகள் 92 ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுப்பார்வைக்கு வருகின்றன. தகவல் அழிவதில்லை, அதனால் தீங்குறக்கூடியவர் வாழும்வரை காத்திருக்கிறது. தமிழ் மாநாடுகளும் பேராளர் இசைவோடு பதிவேட்டின் ஒரு படியைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் உறையிட்டு ஒப்படைத்து, திறக்கும் ஆண்டைக் குறித்து வைக்கலாம். தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் ஸ்காபரோ வளாக நூலகம் போன்ற நிறுவனங்கள் இதற்கேற்ற இடங்கள். இசையாதவர் பெயர் நீக்கப்படும். எண்ணிக்கை மட்டும் நிற்கும்.

இங்குப் புலப்படும் முரண் சிந்திக்கத்தக்கது. பட்டியல் மிக நீண்ட காலம் பயன்படக்கூடியது வரலாற்றாளருக்கு. அவரால் காத்திருக்க முடியும். மிகக் குறுகிய காலமே பயன்படுவது அனுசரணையாளருக்கு. அவரால் காத்திருக்க முடியாது. நடைமுறையிலோ காத்திருக்க இயலாதவர் கைக்கு அது முதலில் சென்றுவிடும் இடர் உள்ளது. காப்பகத்துக்கு எதுவும் வந்து சேராமலும் போகலாம்.

முடிவுரை

தமிழ் மாநாடுகளின் ஆதரவு அரசிடமிருந்து வணிக அனுசரணைக்கு நகர்ந்தபோது, பேராளர் தகவல் ஒரு மறைமுக நாணயமாக மாறும் வாய்ப்பு உருவாயிற்று. புரவலர் பெயரைப் போற்றிய மரபு, விருந்தினர் பெயரை விலையாக்க இடந்தரவில்லை. 1974 முதல் 2021 வரையிலான நிகழ்வுகள் பட்டியல் கைமாறுவதன் ஆபத்தையும், அதை வாசிப்பவர் மாறிக்கொண்டே இருப்பதையும் உணர்த்துகின்றன. கனடாச் சட்டம், பண்டமாற்றாகத் தரப்படும் பட்டியலை விற்பனை எனக் காண்கிறது. டோர்செட் பார்க்கின் பட்டறிவு, பெயரற்ற எண்ணிக்கையே பொதுநன்மைக்குப் போதுமானதாக அமையக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

ஸ்காபரோவின் அடுக்குமாடியொன்றிலிருந்து ஒருவர் தமிழ் மாநாட்டுக்குப் புறப்படும்போது, தம் மொழியைப் பற்றி நான்கு செய்தி கேட்டு வரலாம் என்னும் நம்பிக்கையோடு புறப்படுகிறார். பதிவு மேசையில் அவர் தரும் பெயர் அந்நம்பிக்கையின் பொருட்டுத் தரப்படுவது. அனுசரணைத் தொகை குறைந்தால் மதிய உணவை எளிமையாக்கலாம், மலரின் பக்கங்களைக் குறைக்கலாம், மண்டபத்தை மாற்றலாம். அந்நம்பிக்கை குறைந்தால் அடுத்த மாநாட்டில் பின்வரிசை வெறுமையாகும். தமிழியல் இன்னும் சென்றடைய வேண்டியவர்கள் அவ்வரிசையில் இருப்பவர்களே.